தளபதி வாளுக்கு ஒரு சான்றிதழ்

ஜூன் 3

தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. எல்லோரும் நலம்.

உன்னோடு இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று நான் சொன்னது அப்படியேதான் இருக்கிறது. எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. பணிக்காலம் முழுவதும் நில அளவை அலுவலகத்தில் இருந்தவன் நான். எல்லைக்கல் எங்கே நடப்பட்டது, எங்கே நடப்படவில்லை என்று எனக்குத் தெரியும். அலமாரி விஷயத்தையும் இந்தக் கடிதத்தில் நான் எழுப்பப் போவதில்லை. அதனால் மறந்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது விஷயம். என் பையனுக்கு, அதாவது உன் மருமகனுக்கு, ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. வந்திருக்கிறது என்பதே மரியாதைக்குச் சொல்வது. அவனும் அந்தப் பெண்ணும் ஒரே அலுவலகம். அவர்களே பேசி முடித்துவிட்டு நமக்குத் தகவல் கொடுத்தார்கள். நல்ல பெண்தான். உன் அண்ணிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சிக்கல் பெண்ணின் அப்பாவிடம் இருக்கிறது. ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் பேசினார். "உங்க குடும்பத்தைப் பத்திச் சொல்லுங்க" என்றார். அலுவலக வேலை, சொந்த வீடு என்று சொன்னேன். "ம்" என்றார். பிறகு நம் தளபதித் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். நம் கொள்ளுத்தாத்தா படை நடத்தியது, அவர் வாள் நம் கூடத்துச் சுவரில் தொங்குவது, அவர் வீழ்த்திய முப்பத்து மூன்று பேருக்கும் உறையில் ஒவ்வொரு கீறல் போட்டிருப்பது எல்லாம் சொன்னேன். அதன்பிறகுதான் அவர் குரலில் உயிர் வந்தது. "அந்த வாளை நான் பாக்கணுமே" என்றார்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு பெண்ணை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். இன்னும் சம்மதம் சொல்லவில்லை. "வந்து பாத்துட்டு சொல்றேன்" என்றிருக்கிறார். பையன் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

எனக்கு உன்னிடமிருந்து வேண்டியது ஒரு மதிப்புச் சான்றிதழ். உன் கடை முகவரி அச்சடித்த தாளில், "இது இன்ன தளபதியின் போர்வாள், இவ்வளவு மதிப்புள்ளது" என்று எழுதி முத்திரை வைத்து அனுப்பு. கண்ணாடி போட்டு வாளுக்குப் பக்கத்தில் மாட்டிவிடுகிறேன். உன் கடைப் பெயரில் நம் உறவு எதுவும் தெரியாது என்பது ஒரு வசதி.

படங்களை உன் அண்ணி அவள் போனிலிருந்து அனுப்புவாள். உன் எண் அவளிடம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
அண்ணன்


ஜூன் 8

அண்ணனுக்குப் பழைய சாமான்காரி எழுதுவது.

அந்தப் பெயரை எனக்கு நாலு பேர் முன்னால் வைத்தவர் நீங்கள். இப்போது கடைக்கு வருகிறவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். விளம்பரச் செலவு மிச்சம். நன்றி.

அலமாரியை நீங்கள் எழுப்பவில்லை என்பதால் நான் எழுப்புகிறேன். அடைசல் என்று நீங்கள் தரகரிடம் தள்ளிவிட்டீர்கள். தரகரிடம் நான் வாங்கினேன். மூன்று நாள் உட்கார்ந்து மெருகேற்றினேன். என்னிடம் உங்கள் மேலதிகாரி வாங்கினார். இதில் யார் யாரை ஏமாற்றினோம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் வீட்டு விருந்துக்குப் போன இடத்தில் அலமாரியைத் தடவிக்கொண்டு நின்றது நீங்கள். அதற்கு என்னோடு பேச்சை நிறுத்தினால் நான் என்ன செய்ய?

படங்கள் வந்தன. ஐந்து படம். ஐந்திலும் வாளைவிட நீங்கள்தான் அதிகம். ஒன்றில் வாளின் நுனி மட்டும் உங்கள் காதுக்குப் பக்கத்தில் தெரிகிறது. சின்ன வயதில் அதைத் தொட என்னை விட்டதில்லை, சுவரில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. தெரிந்தவரையில் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். இது ஓட்டல் வாள். வரவேற்பறையில் ஒரு கேடயத்தை மாட்டி அதன் குறுக்கே இரண்டு வாள் வைப்பார்கள் பாருங்கள், அந்த ரகம். பட்டறையில் கட்டுக்கட்டாகச் செய்து அனுப்புகிறார்கள். என் கடையில் குடை ஸ்டாண்டுக்குள் இரண்டு செருகி வைத்திருக்கிறேன். வாங்க ஆள் இல்லை.

ஆனாலும் படத்தை மட்டும் பார்த்து விலை சொல்வது என் பழக்கம் இல்லை. பொருளைக் கையில் வைத்திருப்பவர் நீங்கள். நீங்கள்தான் என் கண்ணாக இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்து எழுதுங்கள்:

பிடியின் அடியில் இரும்பு முனையைத் திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறதா, அடித்துத் தட்டையாக்கியிருக்கிறதா? திருகாணி என்றால் பேச்சே வேண்டாம், ஓட்டல்தான். வாளை விரலில் வைத்தால் எந்த இடத்தில் நிற்கிறது? அலகில் எழுத்தோ பூவேலையோ இருக்கிறதா? வெட்டு வாயில் எங்காவது பல் விழுந்திருக்கிறதா? உறையில் வளையங்கள் எப்படி இருக்கின்றன?

ஒன்றே ஒன்று. எக்காரணம் கொண்டும் அதைத் தேய்க்காதீர்கள். அழுக்கு என்று நீங்கள் நினைப்பதுதான் அதன் வயது. தேய்த்தால் வயதும் போகும், விலையும் போகும். ஈரத் துணிகூட வேண்டாம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நேற்றுத்தான் பேசினோம். இருந்தாலும் சொல்லுங்கள்.

தங்கை


ஜூன் 13

தங்கைக்கு,

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே நான் வாளைத் தேய்த்துவிட்டேன். சாம்பலும் எலுமிச்சம்பழமும் போட்டுக் காலையிலிருந்து மதியம் வரை தேய்த்தேன். இப்போது அதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டியவள் நீ.

ஓட்டல் வாள் என்று எழுதியதை உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நீ கேட்ட விவரங்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். படித்தபின் அந்தச் சொல்லை நீயே திரும்பப் பெற்றுக்கொள்வாய்.

பிடியின் அடியில் திருகாணி இல்லை. முனையை அடித்துத் தட்டையாக்கியிருக்கிறது. தராசு நிலை: பிடியிலிருந்து நாலரை அங்குலத்தில். மூன்று முறை நிறுத்திப் பார்த்து உறுதி செய்தேன்.

அலகில் இருபுறமும் கொடியும் பூவும் அமிலத்தால் அரித்த வேலை. தேய்த்தபின்தான் தெரிந்தது. ஆகவே தேய்த்தது நல்லதாயிற்று. கொடிகளுக்கு நடுவே முட்டை வடிவத்தில் ஓர் இடம் வெறுமனே விடப்பட்டிருக்கிறது. தளபதித் தாத்தா தன் பெயரைப் பொறித்துக்கொள்ள மறுத்திருக்கிறார் என்று கருதுகிறேன். அந்தக் காலத்து மனிதர்களின் தன்னடக்கம்.

வெட்டு வாயில் ஒரு பல்கூட விழவில்லை. எதிரியின் வாள் இந்த வாளைத் தொடும் அளவுக்கு அவர் விடவில்லை. கூரும் இல்லை. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. காலப்போக்கில் மழுங்கியிருக்கலாம்.

உறையின் இரண்டு வளையங்களும் தேய்ந்து நூலாகிவிட்டன. எத்தனை போருக்குக் கட்டிக்கொண்டு போயிருப்பார் என்று நீயே யோசித்துக்கொள்.

கடைசியாக, நீ கேட்காத ஒன்றையும் அளந்தேன். முப்பத்து மூன்று கீறல்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சரியாக ஓர் அங்குலம். எஃகு அளவுகோல் வைத்துப் பார்த்தேன், ஒரு நூல் கூடவோ குறையவோ இல்லை. பன்னிரண்டாவதும் இருபத்து நாலாவதும் மற்றவற்றைவிட நீளம். அவர்கள் எதிரிப் படையின் தலைவர்களாக இருக்க வேண்டும். போர்க்களத்திலும் அவர் கடைப்பிடித்த ஒழுங்கைப் பார். எனக்கு இந்த அளவைப் புத்தி எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

சான்றிதழை உடனே அனுப்பு. ஞாயிறு நெருங்குகிறது.

அண்ணன்


ஜூன் 17

அண்ணா,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடி படித்தேன். எதிரிப் படையின் தலைவர்கள் என்ற இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். விற்பதற்கு வைத்திருந்த நாற்காலி, கால் ஒன்று ஆட்டம். நானும் நாற்காலியும் சேர்ந்து விழுந்தோம். உங்கள் மாப்பிள்ளை ஓடி வந்து, "யாரு செத்தா?" என்று கேட்டார். "முப்பத்து மூணு பேர்" என்றேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டல் வாள் இல்லை. முனையை அடித்துத் தட்டையாக்கிய வாள், அரித்த பூவேலை, உள்ளே வெறும் முட்டை. இது பழைய காலத்து ராணுவ அதிகாரிகளின் அணிவகுப்பு வாள். அசல். படத்தில் உங்கள் தோள்பட்டையைப் பார்த்து விலை சொன்னது என் அவசரம். தேய்க்காமல் இருந்திருந்தால் இன்னும் பேசியிருப்பேன், போகட்டும்.

இனிமேல்தான் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அணிவகுப்பு வாளுக்குக் கூர் இருக்காது. அது இடுப்பில் தொங்க, பார்க்க. அந்த முட்டை, வாங்குகிற அதிகாரியின் பெயரைப் பொறிப்பதற்காகக் கம்பெனிக்காரன் விடுகிற இடம். அது காலி என்றால், எந்த அதிகாரியும் அதைத் தனக்கென்று வாங்கவில்லை. ஆனால் வளையம் நூலாகத் தேய்ந்திருக்கிறது. ஒரே ஆள் ஆயுள் முழுக்கக் கட்டினாலும் அப்படித் தேயாது. மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றி, எத்தனையோ பேர் இடுப்பில் ஏறி இறங்கிய வாள் இது.

கீறல்களுக்கு வருகிறேன். எதிரிகள் வரிசையில் நின்று, அங்குலத்துக்கு ஒருவராகத் தாத்தாவிடம் வந்து செத்தார்களா? பன்னிரண்டாவதாக வருகிறவன் தலைவனாகத்தான் இருக்க வேண்டும் என்று எதிர்ப்படையில் சட்டமா? அண்ணா, அந்த உறை ஒரு அளவுகோல். ஆயுள் முழுக்கச் சங்கிலி பிடித்து அளந்த உங்களுக்கு அடி, அங்குலம் கண்ணில் படவில்லை. வீட்டுக்குள் இருந்ததால் படவில்லை என்று நினைக்கிறேன்.

அப்பா பிரித்துக் கொடுத்தபோது உங்களுக்கு வீடும் வாளும். எனக்கு ஒரு தகரப் பெட்டி. "பொம்பளைப் புள்ளைக்கு இது உபயோகப்படும்" என்று கொடுத்தார். அதில் என்ன இருந்தது என்று நீங்கள் இதுவரை கேட்டதில்லை. என் முழங்கை நீளத்துக்கு ஒரு கத்தரி, கம்பளித் துணி வெட்டுகிற கனமான கத்தரி. தட்டையான சுண்ணக்கட்டித் துண்டுகள். பொட்டலம் பொட்டலமாகப் பித்தளைப் பொத்தான்கள், ஒவ்வொரு பொட்டலத்திலும் வேறு வேறு படையின் சின்னம். அந்தப் பொத்தான்களை விற்றுத்தான் நான் கடைக்கு முதல் போட்டேன். விற்கும்போதே யோசித்தேன், ஒரே தளபதி இத்தனை படையிலும் எப்படி வேலை பார்த்தார் என்று. வாளை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, பெட்டியை நீங்கள் திறந்து பார்க்கவில்லை. விட்டுவிட்டேன்.

போன வருடம் மூடிப்போன ஒரு சீருடைக் கடையின் சாமான்களை மொத்தமாக எடுத்தேன். மூன்று மடிப்புக் கண்ணாடி, ஏறி நிற்கிற ஒரு பலகை, கூடவே வளையம் போட்ட ஒரு மரக்குச்சி. குச்சியில் அங்குலக் கோடு. கடைக்காரர் விளக்கினார். அதிகாரியின் அணிவகுப்புக் கோட்டில் இடது பக்கம் வாளுக்கு ஒரு திறப்பு விட வேண்டும். வாள் தொங்காமல் அளவெடுத்தால், பிறகு கட்டும்போது கோட்டு சுருட்டிக்கொள்ளும். அதனால் டெய்லரே வாளுக்குப் பதிலாக இப்படி ஒன்றை வைத்திருப்பார். வந்தவன் இடுப்பில் மாட்டிவிட்டு, கோட்டின் ஓரம் எத்தனையாவது அங்குலத்தில் விழுகிறது என்று பார்த்து எழுதிக்கொள்வார்.

அவர்களிடம் மரக்குச்சி. நம் கொள்ளுத்தாத்தாவிடம் நிஜ வாள். பெரிய கடையாகத்தான் இருந்திருக்கும்.

தளபதி என்று ஏன் பேர் வந்தது என்று கேட்பீர்கள். "நிமிந்து நில்லு, கையைத் தூக்கு, திரும்பு" என்று அதிகாரிகளையே அதட்டிக்கொண்டிருந்த ஆளுக்குத் தெருவில் வேறு என்ன பேர் வைப்பார்கள்?

தங்கை


ஜூன் 20

உன் கடிதம் கிடைக்கப் பெற்றது. அதன் உள்ளடக்கம் ஏற்கப்படவில்லை.

அப்பா உனக்குப் பெட்டியைக் கொடுத்தார் என்ற வருத்தம் உனக்கு இன்னும் போகவில்லை. அதற்காகப் படை நடத்திய மனிதரை ஒரே கடிதத்தில் தையல் மிஷின் முன்னால் உட்கார வைத்துவிட்டாய். நான் சிறு வயதிலிருந்து அந்த வாளுக்குக் கீழே உட்கார்ந்து படித்தவன். பரீட்சைக்குப் போகும்போது அதைத் தொட்டுவிட்டுப் போனவன். அளவு நாடாவைத் தொட்டுவிட்டா போனேன்?

உன் மருமகனிடம் கடிதத்தைக் காட்டினேன். அவன் இரண்டு முறை படித்துவிட்டு, "அத்தை சொல்றது சரியாத்தாம்பா இருக்கு. கர்னல்கிட்ட முன்னாடியே சொல்லிடலாமே" என்றான். அவனுக்கு என்ன தெரியும்? குடும்பத்தில் ஒரு தளபதி இருக்கிறார் என்றுதான் அவர் கிளம்பி வருகிறார். வாசலில் வைத்து, "டெய்லர், மன்னிக்கணும்" என்று சொன்னால் செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிடுவார். அந்தப் பெண் அப்பாவின் சொல்லைத் தாண்டமாட்டாளாம். இவனே சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் முகம் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும்.

ஆகவே, நீ என்ன நினைக்கிறாய் என்பதை உன்னோடு வைத்துக்கொண்டு, நான் கேட்ட சான்றிதழை நான் கேட்டபடி அனுப்பு. "தளபதி" என்று ஒரு வார்த்தை. எழுத என்ன செலவு?

அண்ணன்

பி.கு.: ஒரு கர்னல் அந்த வாளைக் கையில் எடுத்தால் கண்டுபிடித்துவிடுவாரா? தூரத்தில் மாட்டினால்?


ஜூன் 23

அண்ணா,

கண்டுபிடித்துவிடுவார். பரணில் மாட்டினாலும் கண்டுபிடித்துவிடுவார். அந்த மாதிரி வாளை இடுப்பில் கட்டி வெயிலில் நின்றவர் அவர். கூரில்லாத வாளால் முப்பத்து மூன்று பேரைக் கொன்றதாக நீங்கள் சொல்லும்போது, அவர் மரியாதைக்குத் தலையை ஆட்டுவார். ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெண்ணிடம், "டெய்லர் குடும்பம்னா பரவாயில்ல, பொய் சொல்ற குடும்பம் வேணாம்" என்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

"தளபதி" என்று எழுத என்ன செலவு என்று கேட்டீர்கள். சொல்கிறேன். நான் தள்ளுவண்டியில் பழைய பாட்டில் வாங்கிய காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். லாபம் வைப்பேன், நன்றாகவே வைப்பேன், அதில் வெட்கம் கிடையாது. அறுபது வருடத்து மேஜையை நூறு வருடம் என்று ஒருநாளும் விற்றதில்லை. அப்படி விற்றிருந்தால் நாலு கடை முன்னாலேயே வைத்திருப்பேன், நாலையும் முன்னாலேயே மூடியுமிருப்பேன். என் முத்திரைக்கு இருக்கிற மதிப்பு அவ்வளவுதான். அண்ணனுக்காகக்கூட அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க முடியாது.

வாளுக்கு நான் போடக்கூடிய சான்றிதழ் இது. தனித் தாளில் முத்திரையோடு இணைத்திருக்கிறேன். நீங்கள் கடிதத்தை மட்டும் படித்துவிட்டு தபால் உறையைக் கசக்கிப் போடுவீர்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

பொருள்: அதிகாரிகளின் அணிவகுப்பு வாள், எஃகு உறையுடன். அசல்.
பயன்பட்ட விதம்: ராணுவ உடை தைக்கும் கடையில் கோட்டு அளவு பார்க்க.
போரில் பயன்பட்டதற்கான அறிகுறி: இல்லை.
அடையாளம்: உறையில் முப்பத்து மூன்று அங்குலக் கோடுகள், கையால் கீறியவை, பிசகில்லாதவை.
சேதம்: பழைய மேற்பூச்சு சாம்பலால் போய்விட்டது. தேய்த்தவர் உரிமையாளர்.
மதிப்பு: ———

மதிப்பை ஏன் விட்டேன் என்றால், தளபதி வாள் சந்தையில் நிறையக் கிடைக்கும். விலைப் பட்டியலே உண்டு. டெய்லர் வைத்திருந்த வாள், அவர் கையால் கீறிய அங்குலத்தோடு, இந்தத் தொழிலுக்கு வந்தபின் நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. பார்க்காத பொருளுக்கு நான் எதை வைத்து விலை சொல்ல?

மாட்டுவதோ கிழிப்பதோ உங்கள் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. அது உங்கள் வீடு, என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. அண்ணி கூப்பிட்டாள், அது கணக்கில் சேராது.

மருமகனைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

தங்கை


ஜூன் 29

தங்கைக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உன் அண்ணி நேற்றே போனில் சொல்லியிருப்பாள். அவள் பாதிதான் பார்த்தாள், சமையலறை வாசலில் நின்றாள்.

உன் சான்றிதழை நான் கிழிக்கவில்லை. மாட்டவும் இல்லை. மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வாளைக் கொஞ்சம் உயரத்தில் மாட்டினேன். எதைக் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வீட்டின் பரப்பளவைப் பற்றிப் பேசத் தயாராக இருந்தேன்.

கர்னல் நல்ல உயரம். நான் உயர்த்தி மாட்டியது அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. தேநீரைக்கூட நின்றபடியே குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு, "எடுக்கலாமா?" என்றார். எடுத்தும்விட்டார்.

ஒரு சாண் உருவினார். பூவேலையைப் பார்த்தார். "பேர் இல்லையே" என்றார். "தன்னடக்கம்" என்றேன். உன் மருமகன் தரையைப் பார்த்தான். அவர் வாளை உறையில் போட்டுவிட்டு, கீறல்கள் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். பேச்சை மாற்றப் பார்த்தேன். வீட்டின் பரப்பளவு நினைவுக்கு வரவில்லை.

"இதுதான் அந்த முப்பத்து மூணா?" என்றார். "சுமாரா அங்குலத்துக்கு ஒண்ணு இருக்கும்போல."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "ஆமாம், சுமாரா" என்று சொல்லியிருந்தால் அவரும் விட்டிருப்பார். ஆனால் சுமார் என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. அந்தச் சொல்லால் எத்தனை வேலிச் சண்டைகள் வந்திருக்கின்றன என்று உனக்குத் தெரியாது.

"சுமாரா இல்ல சார்" என்றேன். "சரியா ஒரு அங்குலம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அளந்தேன். எஃகு ஸ்கேல் வெச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உறையைப் பார்த்தார். "போர்ல இருக்கறவன் எதுக்குங்க ஸ்கேல் வெச்சுக் கீறணும்?" என்றார்.

நான் சாவியை எடுத்தேன், இழுப்பறையைத் திறந்தேன், உன் சான்றிதழை அவர் கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்னும் எனக்கே தெளிவில்லை. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். 'தேய்த்தவர் உரிமையாளர்' என்ற வரி வந்தபோது ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எங்க கொள்ளுத்தாத்தா தளபதி இல்ல சார்" என்றேன். "தளபதிகளுக்குக் கோட்டு தைச்சவர். உங்ககிட்ட போன்ல பேசினப்ப எனக்குத் தெரியாது. பத்து நாளா தெரியும். இன்னைக்கும் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்."

சமையலறை வாசலில் தட்டு ஒன்று சத்தம் போட்டது. அந்தப் பெண் உன் மருமகனைப் பார்த்தாள், அவன் இன்னும் தரையிலேயே இருந்தான். எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் ரோஷம். அந்த மனிதர் யாராக இருந்தாலும் நம் தாத்தா. ஒரு நூல் பிசகாமல் கீறியவர். அவருக்காக நாலு பேர் முன்னால் நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பதா?

"ஆனா ஒண்ணு சார்" என்றேன். "எப்பேர்ப்பட்ட தளபதியா இருந்தாலும், எங்க தாத்தா முன்னாடி வந்தா ரெண்டு கையையும் தூக்கிட்டுத்தான் நின்னிருக்கான்."

முதலில் சிரித்தது அந்தப் பெண். பிறகு கர்னலின் தோள் குலுங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது. உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பது வருஷம் ராணுவத்துல இருந்தேன் சார்" என்றார். "எதிரிக்குப் பயந்ததில்ல. டெய்லர் டேப்பை இடுப்புல சுத்துவான் பாருங்க, அப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். விட்டா வயிறு வெளிய வந்துடும். வெச்சிருக்கேன் அந்தக் கோட்டு. கல்யாணத்துக்கு அதைத்தான் போடணும்னு ஆசை. பட்டன் எட்ட மாட்டேங்குது."

கல்யாணத்துக்கு என்றார். அவர் அதைக் கவனித்தாரா தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் கவனித்தோம். உன் மருமகன் தரையிலிருந்து எழுந்து வந்ததுபோல முகத்தைத் தூக்கினான். உன் அண்ணி கேட்காமலே இன்னொரு சுற்றுத் தேநீர் கொண்டுவந்தாள்.

"எவ்வளவு பிரிக்கணும்னு அளந்து பாத்துடலாமே" என்றேன். என் பழைய நாடாவை எடுத்து வந்தேன். வாளை அவர் இடுப்பில் மாட்டினோம். "கையைத் தூக்குங்க சார்" என்றேன். தூக்கினார்.

மார்பு, இடுப்பு, தோள், கோட்டு இறக்கம் எல்லாம் அளந்து இத்துடன் வரைபடமாக வரைந்து அனுப்பியிருக்கிறேன். வடக்கு எந்தப் பக்கம் என்றும் குறித்திருக்கிறேன். பழக்கம். வயிற்றுக்குத் தனிச் சர்வே எண் கொடுக்கலாம், அவ்வளவு இருக்கிறது. உனக்கு அந்த மூடிப்போன சீருடைக் கடைக்காரரைத் தெரியும் என்று எழுதியிருந்தாயே, அவரிடம் கொடுத்துக் கோட்டைப் பிரித்துத் தைக்க ஏற்பாடு செய். வாள் வேண்டுமென்றால் அனுப்புகிறேன். மரக்குச்சி வேண்டாம்.

சான்றிதழை இப்போது மாட்டியிருக்கிறேன். அதில் 'மதிப்பு' என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறாய். இன்று காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத்தான் கேட்கிறார்கள். ஒரு தொகையை எழுதி அனுப்பு. கூடவே, 'தளபதிகள் பலரைக் கை தூக்க வைத்தது' என்று ஒரு வரியும் சேர்த்துவிடு. இதில் பொய் எதுவும் இல்லை.

செப்டம்பரில் கல்யாணம். அத்தை இல்லாமல் நடத்த முடியாது என்று உன் மருமகன் சொல்கிறான். நானும் அதை மறுக்கவில்லை.

அண்ணன்


ஜூலை 4

அண்ணா,

வரைபடம் கிடைத்தது. சீருடைக் கடைக்காரரிடம் காட்டினேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமாக யாரும் அளந்து கொடுத்ததில்லை என்றார். வடக்கு எதற்கு என்று கேட்டார். "சம்பந்தி திரும்பி நிக்கிறாரோ என்னவோ" என்று சொல்லிச் சமாளித்தேன். கோட்டைப் பிரிக்க முடியும், துணி உள்ளே மடித்திருக்கும், தைரியமாக அனுப்புங்கள்.

கை தூக்கிய வரியைச் சான்றிதழில் சேர்க்க முடியாது. நான் பார்க்கவில்லை, என்னிடம் சாட்சி இல்லை. அதை நீங்கள் வாயால் சொல்லிக்கொள்ளுங்கள். எப்படியும் சொல்லத்தான் போகிறீர்கள். அண்ணி கணக்குப்படி இதுவரை பால்காரரிடமும் எதிர்வீட்டிலும் சொல்லியாகிவிட்டது.

தொகை கேட்டீர்கள். முந்தாநாள் கடைக்குக் கார் வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். பெரிய வீடு கட்டியிருக்கிறாராம், கூடத்தில் மாட்ட வாள் வேண்டும். "தளபதி வாள் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தளபதிகளை நிற்க வைத்து அளவெடுத்த வாள் ஒன்று இருக்கிறது என்று கதையைச் சொன்னேன். உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும், "என்ன விலைன்னாலும் சரி, அதை எனக்கு முடிச்சுக் குடுங்க" என்றார். கையில் பையும் இருந்தது. இருபத்தைந்து வருடத் தொழிலில், அந்த மாதிரிப் பேசுகிற ஆளை நான் விட்டதே இல்லை.

"அது நம்ம வீட்டுச் சாமான் சார், விக்கிறதுக்கில்ல" என்றேன். சொன்னபிறகுதான் நம்ம வீடு என்று சொன்னதே எனக்குத் தெரிந்தது.

ஆளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. இரண்டு ஓட்டல் வாளையும் விற்றுவிட்டேன். ஓட்டல் வாள் என்று சொல்லித்தான் விற்றேன்.

தங்கை